பேய்க்கு எதிராகக் கை தூக்கியவர்கள்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கொஞ்ச நாளில், அவள் தேநீர்க் கொட்டகையில் நிற்கிறாள் என்ற பேச்சு கிளம்பியது. முதலில் பார்த்தது மேல் லயத்துச் சீதாலக்ஷ்மி அக்கா என்றார்கள். வெள்ளிக்கிழமை விடியலில், பனிக்குள், தலைமுடி விரிந்து, உடம்பெல்லாம் ஈரமாக, கால் தரையில் படாமல் நின்றாளாம். சீதாலக்ஷ்மி அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

எனக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. என் அம்மா திரும்பி வந்திருக்கிறாள். வந்தவள் என்னிடம் வரவில்லை.

நாங்கள் இருப்பது கேரளத்தில், பொன்முடிக்குப் போகும் சரிவில் ஒரு எஸ்டேட்டில். கம்பெனி கைவிட்டுப் போன பிறகு தொழிலாளிகளே கமிட்டி வைத்து, இலை பறித்து, வித்துராவிலிருந்து வரும் வண்டியில் ஏற்றி விடுகிறோம். மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். இரண்டிலும் தமிழர்கள்தான், திருநெல்வேலியிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். யார் மேலே, யார் கீழே என்பதைக் கம்பெனி தீர்மானிக்கவில்லை. மலை ஏறி வரும்போதே நாங்கள் அதைக் கூடவே கொண்டுவந்தோம். இங்கே யாரும் சாதிப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். எந்த லயம் என்று கேட்டால் போதும்.

இரண்டு லயத்துப் பாதைகளும் சேருகிற இடத்தில் அந்தக் கொட்டகை இருந்தது. நாலு தூண், தகரக் கூரை, விறகடுப்பு, பெரிய அலுமினியப் பானை. கம்பெனி காலத்தில் காட்டாக்கடை என்ற ஊர்க்காரர் ஒருவர் அங்கே பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். பத்து மணிக்கு எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். கம்பெனி போனபோது அவரும் மலை இறங்கிவிட்டார். பிறகு நம் ஆட்களிலேயே ஒருவரைத் தேநீர் போட வைக்கலாம், அவருக்கும் பறிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற கூலியையே கொடுக்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கப் பிரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற அந்த மைதானத்தில், கூட்டம் போட்டார்கள்.

செயலாளர் பிரவின்ராஜ் அம்மாவின் பெயரைச் சொன்னான். மேல் லயத்துப் பையன், பி.காம். படித்தவன், யாரிடமும் குரல் உயர்த்தாதவன். "நமக்கிடையில் வேர்திரிவு, வித்தியாசம் ஒண்ணும் இல்லேன்னு காட்டணும்லா," என்றான். கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். ஒரு கைகூடக் கீழே இல்லை.

அன்று அம்மா வீட்டுக்கு வந்து, குளிக்காமல்கூட, சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நின்று சிரித்தாள். கண்ணாடியும் நீலக் கோட்டும் போட்டவரின் படம். தலைமைச் செயலகத்துக்கு முன்னால் நடந்த ஒரு போராட்டத்துக்கு லாரியில் போனபோது யாரோ கொடுத்தது. முதல்முறை பார்த்தபோது, "கோட்டு போட்டிருக்காரே, நம்மள மாதிரி குளிரு ஊருக்காரரோ?" என்று கேட்டாளாம். நாட்டுக்குச் சட்டம் எழுதியவர், நம்மைப் போல ஒரு வீட்டில் பிறந்தவர் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பேச்சைத் தமிழில் யாரோ வாசிக்க, அம்மா தரையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பானை கொதித்தது. மேல் லயத்துப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கூடையிலும் ஒரு புது ஃபிளாஸ்க் இருந்தது.

யாரும் வேண்டாம் என்று முகத்தில் அடித்துச் சொல்லவில்லை. ஒருத்திக்குச் சர்க்கரை. ஒருத்திக்குக் கட்டன் குடித்தால் நெஞ்செரிச்சல். "பிள்ளை போட்டுத் தந்து விட்டுட்டா, செல்வமணி. வீணாக்க முடியுமா?" என்று ஒருத்தி. கொட்டகைக்கு வெளியே, சரிவில் உட்கார்ந்து, மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு, அம்மாவிடம் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். கீழ் லயத்துக்காரர்கள் மட்டும் கொட்டகையில் வாங்கிக் குடித்தோம்.

அம்மா அளவைக் குறைக்கவே இல்லை. எல்லோருக்குமாகத்தான் தினமும் போட்டாள். மிஞ்சியதைப் பக்கத்துச் செடிகளின் அடியில் ஊற்றினாள். "ஏன்மா, அதான் குடிக்க மாட்டாங்கல்லா, கொஞ்சமாப் போடேன்," என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"நான் கொறச்சிட்டா, அவங்களுக்குப் போடலேன்னு ஆயிரும் மக்கா," என்றாள். பிறகு பானையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "கையத் தூக்குறது லேசுட்டி. அதே கைய நீட்டி எங்கிட்ட ஒரு கிளாஸ் வாங்கணும். அந்தக் கோட்டுக்காரரு கேட்டது அதுதானாக்கும். ஓட்டு வந்திட்டு. மத்தது வரல்ல."

எலிக்காய்ச்சல் வந்து மெடிக்கல் காலேஜில் கிடந்தபோது, அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. கட்டிலைக் கடந்து போகிறவர்களிடமெல்லாம் வெறுங்கையை நீட்டினாள். விரல்கள் ஒரு கிளாஸைப் பிடித்திருப்பதைப் போல வளைந்திருந்தன. "குடிக்கேளா?" என்று கேட்டாள். நர்ஸ் நல்ல பெண். வாங்கிக் குடிப்பதுபோல் செய்து காட்டினாள். அப்போதும் அம்மா கையை மடக்கவில்லை. அப்படியே அடுத்த ஆளிடம் நீட்டினாள்.

செத்தவர் பார்த்த வேலை வீட்டில் ஒருவருக்கு வரும் என்பது எஸ்டேட் வழக்கம். அப்பா எப்போதோ போய்விட்டார். வீட்டில் நான் மட்டும்தான். வித்துராவில் பத்தாம் வகுப்பு பாதியில் நின்றவள். மலையாளத்தில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் நாக்கு எழாது. வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒருநாள் பஸ் ஏறவில்லை. பிறகு ஏறவே இல்லை. ஆனால் அடுப்புக்கு முன்னால் நிற்க நாக்கு வேண்டாம். அம்மா நின்ற இடத்தில் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது. வேலைக்குச் சேரும் முன் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு வியாழக்கிழமை விடியலில் கொட்டகைக்குப் போனேன். அம்மாவின் பச்சை ஸ்வெட்டரைப் போட்டு, முக்காடு இட்டிருந்தேன். அடுப்பு மூட்டினேன். பனிக்குள் யாரோ கூடையோடு வருவது தெரிந்தது. முகம் தெரியவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு, கிளாஸை நீட்டி, "குடிக்கேளா?" என்று கேட்டேன். அந்த ஆள் வேகமாகப் போய்விட்டார். வழக்கம்போல வேண்டாம் என்று போகிறார் என்றுதான் நினைத்தேன். அதை நான் மறந்தும்விட்டேன்.

அம்மா வெள்ளிக்கிழமை வந்தாள் என்று கேட்ட பிறகு, அவளைப் பார்ப்பதற்காகப் போக ஆரம்பித்தேன். அடுப்பு எரிந்தால் வருவாள் என்று தோன்றியது. விடிவதற்கு முன்னால் போய் மூட்டுவேன். தகரத்திலிருந்து பனி சொட்டும். ஈர விறகு சீறும். பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும், திரும்பினால் தூண். ஒருநாள் மிஞ்சிய தேநீரைச் செடியடியில் ஊற்றும்போது, மண் உறிஞ்சுகிற சத்தம் யாரோ வாய் வைத்துக் குடிக்கிற சத்தம்போலவே கேட்டது. "அம்மா," என்று கூப்பிட்டேன். இலைகள் அசையாமல் இருந்தன.

கொட்டகையில் தானாகப் புகை வருகிறது, பானை உருள்கிற சத்தம் கேட்கிறது என்று மேல் லயத்தில் பேச்சு வளர்ந்தது. அந்தப் புகையும் சத்தமும் என்னுடையவை என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் நாள் வந்தது அம்மா. அந்த வெள்ளிக்கிழமை விடியும் முன்பே நான் இறப்புச் சான்றிதழுக்காக வித்துராவுக்குக் கிளம்பிவிட்டேன். அதனால் அது அம்மாதான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வெளியே சொல்லாமல் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கமிட்டி கூடியது. கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும், பானையையும் கிளாஸ்களையும் கல்லாற்றில் விட்டுவிட வேண்டும் என்று ஒரு மந்திரவாதி சொல்லியிருக்கிறாராம். இனி அவரவர் தேநீரை அவரவர் கொண்டுவருவது. அப்படியானால் எனக்கு வரவேண்டிய வேலையும் இல்லை.

பிரட்டுக் களத்தில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் நீலக் கோட்டுக்காரரின் படத்தை வைத்திருந்தார்கள். கமிட்டிக் கூட்டம் என்றால் பிரவின்ராஜ் அதை வைப்பான், மாலையும் போடுவான்.

"யாரும் யாரையும் குத்தம் சொல்லண்டாம், கேட்டேளா," என்று அவன் ஆரம்பித்தான். "எனக்குப் பேயில நம்பிக்கை கிடையாது. ஆனா பொதுஜனத்துக்கு ஒரு பிரச்னைன்னா கமிட்டி கண்ணை மூடிட்டு இருக்க முடியுமா? ஜனாதிபத்யமா, ஜனநாயக முறையில வோட்டுக்கு இடுவோம்."

அம்மாவின் கூட்டுக்காரி மாடம்மாள் பெரியம்மை கீழ் லயத்தார் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து கேட்டாள்: "பேய்க்கு நோட்டீஸ் குடுத்தாச்சா, செக்ரட்டரி?"

எல்லோரும் சிரித்தார்கள். மேல் லயத்துப் பெண்களும்கூட.

"பெரியம்மே, தமாசு வேண்டாம்."

"தமாசு இல்ல தம்பி. எல்லாருமாச் சேந்து கை தூக்கி இருத்தின ஆளு. எறக்கணும்னா அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லணும்லா? அதான மொற?"

கமிட்டித் தலைவர் தாணுமாலையன் பெரியவர், "கண்ணால கண்டவங்க சொல்லட்டும்," என்றார். சீதாலக்ஷ்மி அக்கா எழுந்தாள். காய்ச்சலில் முகம் வாடியிருந்தது. அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவள் வாயிலிருந்து அதை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

"வெள்ளியில்ல, வியாழக்கிழம காலையில. பனி மூடிக் கெடந்து. அடுப்பு எரியுது. செல்வமணிக்கப் பச்ச ஸ்வெட்டர். முக்காடு. எனக்க நேரா கிளாஸ நீட்டி, குடிக்கேளான்னு கேட்டா. அவளுக்க அதே கொரலு. நான் ஓடிட்டேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

விரிந்த முடி இல்லை. ஈரம் இல்லை. கால் தரையில் படாமல் நின்றதும் இல்லை. பேய்க்கு வெள்ளிக்கிழமைதான் பொருத்தம் என்று வாய் மாறும்போது யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

அம்மா வரவில்லை. ஒருநாளும் வரவில்லை. அத்தனை விடியலும் நான் எனக்காகவே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேசாமல் இருந்தால் அம்மா அங்கே நின்றுகொண்டிருப்பாள். கொட்டகை போய்விடும். பேசினால் கொட்டகை ஒருவேளை நிற்கும். அம்மா இருக்க மாட்டாள். தொடைக்கு அடியில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். பிரவின்ராஜ், "அப்போ வோட்டுக்கு இடுவோம்," என்றபோது எழுந்துவிட்டேன். வகுப்பில் திரும்பியதுபோலவே எல்லாத் தலைகளும் திரும்பின.

"அது நாந்தான்," என்றேன்.

"என்னதுட்டி?" என்றாள் மாடம்மாள் பெரியம்மை.

"வியாழக்கிழம நான்தான் நின்னேன். அம்மைக்க ஸ்வெட்டர். கேட்டது நானாக்கும்."

சீதாலக்ஷ்மி அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "நீயா? இல்ல. உன்ன எனக்குத் தெரியாதா அஸ்வதி? பொறந்த நாள்லேருந்து பாக்கேன்."

"தெரிஞ்சா ஏங்க்கா ஓடுனீங்க?"

அப்படிக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அது தானாக வந்தது. அக்கா தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாடம்மாள் பெரியம்மை எழுந்து முந்தானையை உதறினாள். "சரி, பேய் இல்லன்னு ஆச்சு. ஏட்டி அஸ்வதி, போய் அடுப்ப மூட்டு. எல்லாருமா ஆளுக்கொரு கிளாஸ் குடிச்சிட்டு வீட்டப் பாத்துப் போவோம். கூட்டம் முடிஞ்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிரவின்ராஜ் மாலையைச் சரிசெய்தான். பெண்கள் சேலைத் தலைப்பைத் திருகினார்கள். கொட்டகை இருபதடிக்கு அந்தப் பக்கம் வெயிலில் தெளிவாக நின்றது. உள்ளே யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"அது அஜெண்டாவில் இல்லை," என்றான் பிரவின்ராஜ் மெதுவாக.

தாணுமாலையன் பெரியவர் தொண்டையைச் செருமினார். என்னை இரக்கத்தோடுதான் பார்த்தார். "பாவம் பிள்ள. எப்பவாவது நாலு பேரு மத்தியில வாயத் தொறந்திருக்காளா இவ? இது அவ பேச்சில்ல. அம்மைக்காரி இவ மேலல்லா எறங்கியிருக்கா. அதான் அதே ஸ்வெட்டர், அதே கொரலு." கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு போனது. "அப்படிச் சொல்லும்" என்று யாரோ சொன்னார்கள். சீதாலக்ஷ்மி அக்காவின் முகம் தெளிந்தது. அவளுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றேன். அதைச் சொன்ன குரலும் அம்மாவுடையதைப் போலவே இருந்தது. மகள் குரல் வேறு எப்படி இருக்கும்?

ஓட்டு எடுத்தார்கள். கொட்டகையைப் பிரிக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம். கைகள் எழுந்தன. எண்ண வேண்டிய தேவையே இல்லை. மேல் பாதையில் வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், கீழ்ப் பாதையில் போகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். முடிவு நாங்கள் பிறக்கும் முன்பே வந்துவிட்டது. என்றைக்கோ ஒருநாள் மனம் மாறி எண்ணிக்கை மாறும் என்றால் தோற்பதில் வருத்தமில்லை. இந்த எண்ணிக்கை மாறாது. நீலக் கோட்டுக்காரர் எங்களைப் பார்த்தபடி இருந்தார். அவர் பயந்தது இப்படிப்பட்ட கூட்டத்துக்குத்தான் என்று தோன்றியது. துப்பாக்கி இல்லை, மிரட்டல் இல்லை. எல்லாம் முறைப்படி நடக்கிறது. எல்லோர் கையும் சமம். இல்லாத பேய் இருக்கிறது என்று பெரும்பான்மை முடிவு செய்கிறது.

எதிர்ப்பவர்கள் என்றார்கள். நான் தூக்கினேன். மாடம்மாள் பெரியம்மையும் கீழ் லயத்தில் மற்றவர்களும் தூக்கினார்கள். பிரவின்ராஜ் ஒவ்வொரு கையாக விரல் நீட்டி எண்ணினான். என் கையையும் எண்ணினான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை கொட்டகையைப் பிரித்தார்கள். தகரத்தை மேல் லயத்துக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். தகரத்துக்குத் தோஷம் இல்லையாம். பானையைக் கல்லாற்றுக்குக் கொண்டுபோன ஜீப் திரும்பி வரும்போது இரைச்சலாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. எனக்குக் கமிட்டி இலை பறிக்கும் வேலை கொடுத்தது. அநியாயம் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது அல்லவா. நான் நின்ற வரிசைக்குப் பக்கத்து வரிசை காலியாகவே இருந்தது. கண்ணில் பட்டால் பெண்கள் திருநீறைத் தொட்டுக்கொண்டார்கள். சிலர் உண்மையாகவே பயந்தார்கள். கை தூக்கிய பிறகு பயப்படாமல் இருக்க முடியாதுபோல.

அம்மா இல்லாத வீடு எனக்கு அப்போதுதான் காலியானது. விடியலில் எழுந்து போக ஒரு இடமில்லை. விழித்துப் படுத்திருப்பேன்.

போன வாரம் ஒரு காலை, பனி அதிகம். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். ஒருவர்தான் நடக்க முடிகிற பாதை; இருபுறமும் தேயிலை. எதிரே சீதாலக்ஷ்மி அக்கா தனியாக இறங்கி வந்தாள். மிக அருகில் வந்தபிறகுதான் இருவரும் பார்த்துக்கொண்டோம். அவள் நின்றாள். நான் என்னை அறியாமல் ஒதுங்கிச் செடிக்குள் இறங்கினேன். கிளைகள் இடுப்பில் குத்தின.

"அக்கா," என்றேன். "என்னயப் பாருங்க. பேயா நான்?"

அவள் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அந்தப் பார்வையில் நான் யார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. என் அம்மாவோடு அவள் பேசிச் சிரித்ததும், என்னைக் குழந்தையாகத் தூக்கியிருக்க வேண்டிய நாட்களில் தூக்காததும். "வோட்டு போட்டாச்சுல்லாட்டி," என்றாள், கெஞ்சுவதுபோல. "நான் மட்டும் இனி என்ன சொல்ல?" பிறகு என்மேல் சேலை படாமல் ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, கடந்து போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் கவனித்தேன். நான் இன்னும் செடிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. கால்கள் தாமாகவே இறங்கியிருந்தன. அம்மாவின் கால்களும், அவள் அம்மாவின் கால்களும் இப்படித்தான் இறங்கியிருக்கும். எனக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னது முழுப் பொய்யில்லை என்று நினைத்தேன். ஆனால் புகுந்திருப்பது அம்மா இல்லை, இந்த ஒதுங்கல்.

கிளைகளை விலக்கிக்கொண்டு மேலே ஏறினேன். பாதையின் நடுவில் வந்து நின்றேன். மேலே பனிக்குள் பேச்சுக் குரல்கள் கேட்டன. மேல் லயத்துப் பெண்கள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கூடைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. யாரோ எதற்கோ சிரித்தார்கள். முதல் ஆளின் உருவம் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றார்கள்.

ஒதுங்கச் சொல்லி உடம்பு முழுவதும் கேட்டது. நான் நகரவில்லை.